ரிப்பேர் முடிந்து வந்த மிஷின்

அக்டோபர் 14, திங்கள்

மரம் அறுக்கிற மிஷின் ரிப்பேர் முடிந்து இன்று வீட்டுக்கு வந்தது. மார்த்தாண்டத்துக் கடையில் ஒரு ஆட்டோக்காரரிடம் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். ஜூலை மாதம் என் வீட்டுக்காரர் பலா மரத்திலிருந்து விழுந்தபோது மிஷினும் கூடவே விழுந்தது. இவருக்குத் தோள்பட்டை எலும்பும் விலா எலும்பு இரண்டும் போயின. மிஷினுக்குக் கைப்பிடியும் கார்ப்ரேட்டரும் போயின. இவருக்குக் கட்டுப் பிரித்து ஒரு மாதம் ஆகிறது. மெதுவாக வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மருந்து நேரம் குறித்து வைக்கத்தான் சர்ச்சில் கொடுத்த இந்த டைரியை எடுத்தேன். மருந்து முடிந்துவிட்டது. எழுதுகிற பழக்கம் நிற்கவில்லை.

இவர் முற்றத்தில் சாக்கு விரித்து மிஷினை வைத்தார். பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினார். சோக்கை இழுத்துவிட்டு, கைப்பிடியைக் காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தார். மறுபடியும் இழுத்தார். கயிறு போய்வருகிற சத்தம் மட்டும்தான். நான் தையலை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன். பக்கத்து வீட்டுச் சுனிலா மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"எட்வின் அண்ணா, மிஷின் வந்தாச்சா? அப்பம் எங்க அயினியை முறிச்சிரலாம், இல்லியா?"

"முதல்ல இது ஸ்டார்ட் ஆகட்டு" என்றார்.

சுனிலா குலசேகரத்தில் நர்ஸ் வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை குவைத்தில். மகள் அக்ஸா இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டதும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாள், அம்மா டியூட்டி முடிந்து வரும்வரை என் காலடியில் உட்கார்ந்து வெட்டுத் துணிகளைப் பொறுக்கிக்கொண்டிருப்பாள். அவர்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிற அயினி மரம் போன மழையில் வேர் இளகி வீட்டுப் பக்கமாகச் சாய்ந்துவிட்டது. வேறு ஆளைக் கூப்பிடச் சொல்லி நானே சொல்லிப் பார்த்தேன். "எட்வின் அண்ணன் முறிச்சாத்தான் எனக்கு நிம்மதி" என்கிறாள்.

இருட்டும்வரை இழுத்தார். மிஷின் ஸ்டார்ட் ஆகவில்லை.

அக்டோபர் 15, செவ்வாய்

தீபாவளிக்கான துணி மலைபோல் கிடக்கிறது. எல்லாருக்கும் அடுத்த வாரமே வேண்டுமாம்.

காலையில் இவர் பிளக்கைக் கழற்றினார். அதை மிஷின் உடம்பில் தொட வைத்துப் பிடித்துக்கொண்டு, "விஜி, நீ கயிற்றை இழு" என்றார். இழுத்தேன். பிளக் முனையில் நீலமாய் ஒரு பொறி.

"கரண்டு உண்டு" என்றார். பிளக்கை மூக்கருகில் வைத்து முகர்ந்தார். என்னிடமும் காட்டினார். "நனையவே இல்ல பாரு. இத்தனை இழுப்புக்கு இது பெட்ரோல்ல குளிச்சிருக்கணும். பெட்ரோல் மேல வரல்ல. அதாக்கும் காரியம்."

சோதித்துப் பார்க்க, பிளக் மாட்டுகிற ஓட்டைக்குள் நாலு சொட்டுப் பெட்ரோலை விட்டு, பிளக்கைத் திரும்ப முறுக்கி இழுத்தார். மிஷின் ஒரு தடவை அலறிவிட்டு நின்றது. ஒரு நொடிதான். மூன்று மாதமாக இந்த வீட்டில் அந்தச் சத்தம் இல்லை.

இவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். சூட்டில் கை பட்டுவிட்டதோ என்று கேட்டேன். இல்லை என்றார்.

அக்டோபர் 16, புதன்

மழை. துணி காயவில்லை. யாரும் மிஷினைத் தொடவில்லை.

அக்டோபர் 17, வியாழன்

பெட்ரோல் டாங்கைக் கவிழ்த்துச் சுத்தம் செய்தார். உள்ளே இருக்கிற சின்ன ஃபில்டரைக் கம்பியால் கொக்கி போட்டு வெளியே எடுத்து ஊதிப் பார்த்தார். டியூபையும் ஊதிப் பார்த்தார். எல்லாம் புதுசு, அடைப்பு இல்லை. ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினார். சைலென்சருக்குள் குளவி கூடு கட்டியிருக்குமோ என்று ஈர்க்கு விட்டுப் பார்த்தார். அங்கேயும் ஒன்றும் இல்லை.

"கடைக்கு போன் போட்டுக் கேக்கலாமே" என்றேன்.

"போட்டேன். எடுக்கல்ல."

மதியம் அடுக்களைக் கூரையில் ஒழுகியது. ஒரு ஓடு விலகியிருக்கிறது. ஏணியை எடுத்துச் சாத்திய மனுஷன் இரண்டு படி ஏறினார். அப்புறம் இறங்கிவிட்டார். "ஏணி வழுக்குது. இப்போதைக்கு ஒரு வாளியை வை" என்றார். வாளி வைத்தேன். சாளை மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும். நன்றாகச் சாப்பிட்டார்.

அக்டோபர் 18, வெள்ளி

சுனிலா டியூட்டிக்குப் போகிற வழியில் நின்று, "அண்ணா, கார்ப்ரேட்டரைப் பாத்தாச்சா? எங்க ஆஸ்பத்திரி ஜெனரேட்டருக்கும் அதுதான் கேடு" என்று கேட்டாள். இவருக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் போனபிறகு கார்ப்ரேட்டரைக் கழற்றினார். அதற்குள் கை வைப்பது இவர் வழக்கமில்லை. எப்போதும் கடைக்குத்தான் கொண்டுபோவார்.

உள்ளே உள்ள ஆணிகள் அரிசி போல இருக்கின்றன. விழுந்தால் கிடைக்காது. நான் பாத்திர மூடியை ஏந்திக்கொண்டு பக்கத்தில் குத்தவைத்திருந்தேன். ஒரே ஒரு ஆணியில் நிற்கிற சின்ன மூடியை எடுத்தார். அதற்கு அடியில் இரண்டு தாள். ஒன்று ரப்பர் மாதிரி மெல்லிசான தாள், அதில் நாக்கு போல இரண்டு சின்ன வெட்டு. இன்னொன்று பேப்பர். இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே வடிவம். பேப்பர் கார்ப்ரேட்டரின் உடம்பை ஒட்டிக் கீழே இருந்தது. ரப்பர் தாள் அதற்கு மேலே, மூடியை ஒட்டி. இவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் சுத்தமாத்தான் இருக்கு" என்று அப்படியே மூடிவிட்டார்.

அப்புறம் இவர் கை கழுவப் போனார். நான் சாக்கை மடக்கும்போது மாற்றிய பழைய சாமான்களைக் கடையில் போட்டு அனுப்பியிருந்த கவர் கையில் பட்டது. பழைய தாள்கள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய் உள்ளே இருந்தன. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். வருஷக்கணக்காக அழுத்தி இருந்ததால் தடம் பதிந்திருக்கிறது. ரப்பர் தாளில் பதிந்திருந்தது உடம்பில் உள்ள கோடும் குழியும். பேப்பரில் பதிந்திருந்தது மூடியின் வட்டம். இப்போது உள்ளே இருப்பது நேர் மாறு. பிளவுசுக்கு லைனிங் வைக்கிற இடத்தில் துணியையும் துணி வைக்கிற இடத்தில் லைனிங்கையும் வைத்துத் தைத்தால் எப்படி இருக்கும்?

எனக்கு மிஷினைப் பற்றி என்ன தெரியும். தைக்கிறவள்.

கவரைத் தையல் மிஷின் டிராயரில் எடுத்து வைத்தேன். முற்றத்தில் குப்பையாகக் கிடக்க வேண்டாமே என்று.

அக்டோபர் 19, சனி

இன்று எழுத ஒன்றுமில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

ஆராதனை முடிந்து சர்ச் வாசலில் ரசலம் இவரைப் பிடித்துக்கொண்டான். இவரோடு பத்து வருஷமாக மரத்தில் ஏறுகிறவன். அன்றைக்கு இவரைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் அவன்தான். அவனிடம் மிஷின் இல்லை, கைவாளும் வெட்டுகத்தியும்தான். இவர் வீட்டில் இருந்தால் அவனுக்கும் பெரிய வேலை இல்லை.

"மிஷின் என்ன ஆச்சு அண்ணே?"

"பெட்ரோல் மேல வரல்ல. எல்லாம் பாத்தாச்சு."

சுற்றி நின்ற ஆண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். ஒருவர் பிளக்கை மாற்றச் சொன்னார், ஒருவர் காயில் போயிருக்கும் என்றார். ஒருவர் மிஷினை வெயிலில் வைக்கச் சொன்னார். வெயில் எங்கே இருக்கிறது? இவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகத் தலையாட்டினார். இத்தனை பொறுமை இவருக்கு எப்போது வந்தது என்று நினைத்தேன். மிஷின் விஷயத்தில் யாராவது வாய் வைத்தாலே சண்டைக்குப் போகிறவர்.

வீட்டுக்கு நடந்து வரும்போது இவர் கொஞ்சம் சந்தோஷமாக இருந்த மாதிரி இருந்தது. நானும்தான். வழியில் பழம்பொரி வாங்கிச் சாப்பிட்டோம். மகள் அபிஷா ஹாஸ்டலிலிருந்து போன் செய்தபோது, "அப்பா வேலைக்குப் போறாரா?" என்று கேட்டாள். "மிஷின் சரியாவல்ல மக்ளே" என்று நான் சொன்னேன். "சரியாவாண்டாம்மா" என்றாள்.

அக்டோபர் 21, திங்கள்

இரவெல்லாம் மழை. காலையில் சுனிலா நேராக முற்றத்துக்கே வந்துவிட்டாள்.

"அண்ணா, மரம் இன்னும் கொஞ்சம் சாஞ்சிருக்கு. நேத்து ராத்திரி நானும் மோளும் முன்னறையிலதான் படுத்தோம்."

இவர் மிஷினை எடுத்து வைத்தார். அவள் பார்த்துக்கொண்டு நிற்க, இழுக்க ஆரம்பித்தார். வலது கை, இடது கை, மறுபடியும் வலது. நெற்றி நரம்பு புடைத்தது. "போதும் அண்ணா, போதும்" என்று அவளே சொன்ன பிறகுதான் நிறுத்தினார்.

மதியத்துக்குள் தோள் வீங்கிவிட்டது. சுடுதண்ணீரில் துணி முக்கி ஒற்றிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தையல் மிஷின் டிராயர் எனக்கு நேர் எதிரில்தான் இருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. தோள் வீங்கினால் நாலு நாளில் வற்றிவிடும்.

ஜூலையில் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபோது வந்த பயம் நாலு நாளில் வற்றவில்லை. இதையும் எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 22, செவ்வாய்

லைனிங் துணியும் கொக்கியும் வாங்க மார்த்தாண்டம் போனேன். மிஷின் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் போகிற வழியில்தான். அதற்குள் போக நினைக்கவில்லை. மெக்கானிக் தாசையன் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் அவரே கூப்பிட்டார்.

"என்ன அக்கா, எட்வின் மிஷினைக் கொண்டு வரவே இல்லியே?"

"நீங்க போன் எடுக்கல்லண்ணு சொன்னாவளே."

"நானா? போன வியாழக்கிழமை கால் மணி நேரம் பேசினேனே. நான் இல்லாத நாள் பாத்து கடையில வேற ஆள் கார்ப்ரேட்டருக்குப் புது சாமான் போட்டிருக்கான். ரப்பர் தாளையும் பேப்பரையும் மேல கீழ மாத்திப் போட்டிருப்பான், அதுதான் பெட்ரோல் ஏறல்ல, கொண்டு வாரும், நிண்ண நிலையில மாத்தித் தாறேன்ணு சொன்னேன். இல்லெங்கி நீரே ஒரு ஆணியைக் கழத்தி மாத்திரும்ணும் சொன்னேன்."

"அதுக்கு அவிய என்ன சொன்னாவ?"

"அவசரம் ஒண்ணும் இல்ல, பாப்போம்ணாரு."

லைனிங் துணி வாங்க மறந்து கொக்கியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. மழைச் சாரல் முழுவதும் என் மேல்தான். ஜன்னலைச் சாத்தத் தோன்றவில்லை.

வியாழக்கிழமையே தெரியும். வெள்ளிக்கிழமை என் முன்னால் அந்த மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். திங்கட்கிழமை தோள் வீங்கும்வரை இழுத்தார்.

அக்டோபர் 23, புதன்

"கடைக்கு போன் கிடைச்சா?" என்று காலையில் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"இல்ல" என்றார்.

தோசை சுட்டுக் கொடுத்தேன். தின்றார். முற்றத்தில் மிஷின் மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு நாலு பக்கமும் கல் வைத்தார். அதற்குக் காட்டிய கவனத்தைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எனக்கு எந்த முகாந்திரமும் இல்லை என்று உடனே தெரிந்தது. நாள் முழுக்க ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாகப் பேசிக்கொண்டோம்.

அக்டோபர் 24, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

மாலையில் காற்றோடு மழை. அக்ஸா என் பக்கத்தில் இருந்தாள். கலர் பென்சிலை வீட்டில் வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி, எடுத்துவருகிறேன் என்று குடை பிடித்துக்கொண்டு ஓடினாள். பின்வாசல் சாவி எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். நான் ஒரு பிளவுசின் கழுத்தைத் திருப்பித் தைத்துக்கொண்டிருந்தேன். தலை நிமிரவில்லை.

முதலில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் நிலம் அதிர்ந்தது.

ஓடினேன். இவர் எனக்கு முன்னால் மதிலைத் தாண்டிக் குதித்தார், அந்தத் தோளோடு. அயினியின் பெரிய கொப்பு ஒன்று ஒடிந்து குளியலறையின் மேல் விழுந்து கிடந்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் தூள். பைப் உடைந்து தண்ணீர் பீய்ச்சியது. அக்ஸாவின் குடை இலைக்கு நடுவில் விரிந்தபடி கிடந்தது.

"மோளே! மோளே!" இவர் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

குழந்தை அடுக்களைக்குள்ளிருந்து பென்சில் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வந்தாள். குடையை வெளியே வைத்துவிட்டு உள்ளே போயிருக்கிறாள். ஒரு கீறல் இல்லை. "மாமா, எனக்க குடை" என்று அழுதாள்.

இவர் அவளைத் தூக்கி என்னிடம் தந்தார். அப்புறம் அந்தக் கொப்பின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சுனிலா வந்தபோது எங்களிடம் ஒரு வார்த்தையும் கடுமையாகச் சொல்லவில்லை. "மிஷின் ரெடி ஆவாததுக்கு அண்ணன் என்ன செய்ய முடியும்?" என்றாள். அதைக் கேட்டுக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். அம்மாவும் மகளும் இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் படுத்திருக்கிறார்கள்.

அக்டோபர் 25, வெள்ளி

காலையில் சுனிலா குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் டிராயரைத் திறந்து கவரை எடுத்து இவர் மடியில் வைத்தேன்.

"இது போன வெள்ளிக்கிழமையே நான் பாத்தேன். பேப்பரும் ரப்பரும் மாறிக் கிடக்கு. எனக்குத் தெரியும்."

இவர் கவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சுமா நான் தோளை ஒடிச்சு இழுக்கிறதைப் பாத்துட்டு நிண்ணே?"

"பாத்துட்டுத்தான் நிண்ணேன். ஸ்டார்ட் ஆவாதுண்ணு தெரிஞ்சிட்டுத்தான் நிண்ணேன். தாசையன் போனில சொன்னது உங்களுக்குத் தெரியாதா? நீங்க எதுக்கு இழுத்தியோ?"

வாளியில் ஓட்டுத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க. எதுக்கு இழுத்தியோ?"

"ஆவாதுண்ணு தெரிஞ்சுதான் இழுத்தேன், விஜி" என்றார். கவரைக் கையில் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். "ஆவுமெங்கி நான் தொட்டிருக்கவே மாட்டேன்."

அப்புறம் மெல்ல மெல்லச் சொன்னார். ஜூலையில் கொப்பு திரும்பி வந்து அடித்ததால் விழுந்ததாக எல்லாரிடமும் சொன்னது பொய்யாம். கொப்பு ஒழுங்காகத்தான் விழுந்ததாம். அது விழுவதைப் பார்க்கக் கீழே குனிந்திருக்கிறார். எப்போதும் குனிகிறவர்தான். அன்றைக்கு நிலம் மேலே வருகிற மாதிரி இருந்ததாம். கை தானாக விட்டுவிட்டதாம்.

"கட்டிப் பிடிச்சிருந்த கை, நான் சொல்லாம விட்டுது. அதுக்குப் பொறவு ஏணியில ரெண்டு படி ஏறினாலே வேர்த்து ஊத்துது. இருபத்திரண்டு வருஷம் மரத்தில நிண்ணவன். யார்கிட்டே போய் இதைச் சொல்ல?"

"என்கிட்டே சொல்லக் கூடாதா?"

"உன்கிட்டே சொன்னா நீ சந்தோஷப்படுவே. அதைப் பாக்க எனக்குச் சகிக்காது."

அவர் சொன்னது சரிதான்.

பிறகு நான்தான் எழுந்து பாத்திர மூடியை எடுத்து வந்தேன். "முதல்ல அந்தக் குடை கிடந்த இடத்தை நினைச்சுப் பாருங்க" என்றேன். "ஏறுறதுக்கு ரசலத்தைக் கூப்பிடுங்க. அடிமரத்தை அறுக்க ஏறாண்டாமே."

ஆணியைக் கழற்றினார். தாள்களை எடுக்க அவருடைய தடித்த விரலுக்கு வரவில்லை. என் தையல் ஊசியால் நெம்பி எடுத்தேன். ரப்பர் தாளை உடம்பில் பொருத்தி, மேலே பேப்பரை வைத்து, மூடியை வைத்தேன். அவர் ஆணியை முறுக்கினார்.

மூன்றாவது இழுப்பில் மிஷின் பிடித்துக்கொண்டது. நிற்கவில்லை. முற்றம் முழுக்கப் புகை. நாங்கள் இரண்டு பேரும் அதைச் சுற்றி நின்றோம், யார் வீட்டுக்கோ வந்தவர்கள் மாதிரி.

அக்டோபர் 26, சனி

மழை விட்டிருந்தது. ரசலம் காலையிலேயே கயிறும் மரத்தை இழுக்கிற செயின் பிளாக்கும் கொண்டு வந்தான். சுனிலா லீவு போட்டிருந்தாள். அக்ஸாவை ரோட்டுக்கு அப்புறம் உள்ள வீட்டில் விட்டோம்.

"அண்ணே, மேல நீங்களா, நானா?" என்று ரசலம் கேட்டான். வழக்கமாகப் பெரிய மரத்தில் மிஷினோடு ஏறுவது இவர்தான்.

"நீ ஏறு. எனக்குத் தோள் இன்னும் சரியாவல்ல" என்றார் இவர். ரசலம் குளியலறை மேல் கிடந்த கொப்பையும் இவர் முகத்தையும் பார்த்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

வீட்டுப் பக்கம் நீண்ட கொப்புகளை ஒவ்வொன்றாகக் கயிறு கட்டி அறுத்து இறக்கவே மதியம் ஆகிவிட்டது. இவர் கீழே நின்று, எந்தக் கொப்பை எந்தப் பக்கம் கட்ட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் ஒரு கையால் மதிலைப் பிடித்துக்கொண்டார். எனக்கு மட்டும்தான் அது தெரிந்தது. ரசலம் உச்சியில் பெரிய கயிற்றைக் கட்டிவிட்டு இறங்கினான். மறுமுனையை வாழைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் நிற்கிற ரப்பர் மரத்தில் செயின் பிளாக் போட்டு இழுத்து முறுக்கினார்கள். மரம் வீட்டை விட்டு ஒரு சாண் நிமிர்ந்தது. சுனிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இவர் மிஷினை எடுத்தார். வாழைத் தோட்டப் பக்கம் அடிமரத்தில் ஆப்பு போல ஒரு துண்டை அறுத்து எடுத்தார். பின்பக்கம் வந்து வாளை வைத்தார். மரத்தூள் மஞ்சளாகப் பறந்தது. பாதிக்கு மேல் போயிருக்கும். வாளை வெளியே இழுத்து, கயிறு எப்படி நிற்கிறது என்று பார்க்க மிஷின் வேகத்தைக் குறைத்தார். மிஷின் அணைந்துவிட்டது.

அந்த அமைதியில் மரம் நரநரவென்று சத்தம் போட்டது. காற்று வேறு வீட்டுப் பக்கமாக அடிக்க ஆரம்பித்தது. கயிறு விறைத்து முறுகியது.

"சீக்கிரம் அண்ணே!" என்றான் ரசலம்.

இவர் மிஷினைத் தரையில் வைத்து, சோக்கை இழுத்துவிட்டுக் கயிற்றை இழுத்தார். எடுக்கவில்லை. மறுபடியும் இழுத்தார். எடுக்கவில்லை. முகத்தில் வேர்வை. மரத்துக்கும் இவருக்கும் நடுவே இரண்டு அடி இருக்காது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன். சூடான மிஷினுக்குச் சோக்கு கூடாது என்று எனக்கே தெரியும், எத்தனை தடவை சொல்லியிருக்கிறார். பதற்றத்தில் இவருக்கு அது மறந்துவிட்டது.

"சோக்கு!" என்று கத்தினேன். "சோக்கை உள்ள தள்ளுங்க! மிஷின் சூடாக்கும்!"

ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தார். சோக்கைத் தள்ளினார். ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு இழுத்தார், இன்னொரு தடவை இழுத்தார். மிஷின் இருமி, புகை கக்கி, அலறியது.

வாளை அந்தப் பழைய வெட்டுக்குள் வைத்தார். எனக்கு அதற்கப்புறம் சத்தம் எதுவும் கேட்டதாக நினைவில்லை. உச்சி முதலில் அசைந்தது. ரசலம் செயினை இழுக்க, அயினி ஒருபக்கமாகத் திரும்பி, வீட்டை விட்டு விலகி, வாழைகளை அமுக்கிக்கொண்டு தோட்டத்துக்குள் போய்ப் படுத்தது. சேறு எங்கள் முகம் வரைக்கும் தெறித்தது.

சுனிலா அழுதாள். இவர் மிஷினை அணைத்துவிட்டு, கிடந்த மரத்தின் மேல் கை வைத்து நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணி" என்றார். அவ்வளவுதான்.

அக்டோபர் 27, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. இரண்டு பேரும் சர்ச்சுக்குப் போகவில்லை. ரசலம் வந்து ஏணி வைத்து அடுக்களை ஓட்டைச் சரி செய்தான். இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார்.

"உங்களுக்கு என்மேல கோபம் இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு" என்றார். "உனக்கு?"

"எனக்கும் இருக்கு."

மத்தியானம் பாயை விரித்து இரண்டு பேரும் நன்றாகத் தூங்கினோம்.

அக்டோபர் 29, செவ்வாய்

தீபாவளித் துணி எல்லாம் கொடுத்தாகிவிட்டது. கடைசிப் பிளவுசுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தபோது இவருக்கு ஒரு போன் வந்தது. அயினி விழுந்த கதை அதற்குள் ஊர் தாண்டிவிட்டது. அருமனைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டக்காரர். பழைய ரப்பரை எல்லாம் முறித்துவிட்டுப் புதுசாக நடப் போகிறாராம். வீட்டோரம் நிற்கிற நாலைந்து மரத்தில் மட்டும் ஏறிக் கொப்பை இறக்க வேண்டுமாம். போனின் மறுபக்கம் பேசுவது எனக்குக் கேட்கவில்லை. இவர் "ஆ… ஆ…" என்று கேட்டுக்கொண்டே முற்றத்தில் நடந்தார். நான் ஊசியை நிறுத்திவிட்டேன்.

தோள் சரியில்லை என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"வாறேன். மிஷின் எனக்க கையில உண்டு" என்றார். "ஆனா ஒரு காரியம் இப்பமே சொல்லியிடுறேன். மரத்தில நான் ஏறமாட்டேன். ஏறுறதுக்கு ஆளு கூட்டிட்டு வாறேன்."

மறுபக்கம் என்னவோ கேட்டார்கள்.

"இல்ல, தோளு ஒண்ணும் இல்ல. தோளு சரியாச்சு." இவர் நடையை நிறுத்திவிட்டார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். "ஏறுறதுக்குப் பயமாக்கும். விழுந்த பொறவு வந்த பயம். தரையில நிண்ணு எத்தனை மரம் வேணும்னாலும் முறிப்பேன்."

அப்புறம் "சரி" என்றார். மறுபடியும் "சரி" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். முகம் காது வரைக்கும் சிவந்திருந்தது.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"திங்கக்கிழமை வரச் சொன்னாரு."